இரண்டு நாள் ஏகாந்தம்

பட்டணவாசிகளுக்கு இக்காலத்தில் ஒரு நூதனமான ஆசை பிறந்திருக்கிறது. நிசப்தம் வேண்டும் என்கிறார்கள். பாட்டன்மார் புண்ணியத்தைத் தேடிப் பிரயாணம் செய்தார்கள். தகப்பன்மார் உத்தியோகத்தைத் தேடிப் பிரயாணம் செய்தார்கள். நாமோ சத்தமில்லாத ஓர் இடத்தைத் தேடிக் கப்பலேறுகிறோம். அதற்குக் காசும் கொடுக்கிறோம். இந்தக் கூட்டத்தாரை நாம் பரிகாசம் செய்யப் போவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். வருஷம் முழுவதும் மணியோசைக்கும் நாற்பது பிள்ளைகளின் குரலுக்கும் நடுவே காலட்சேபம் செய்கிற உபாத்தியாயர் நாம். மோட்டார் சத்தம் கேட்காத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று யாராவது சொன்னால், அங்கே போகும் வழியைத்தான் முதலில் விசாரிப்போம்.

சென்ற கோடை விடுமுறையில் கிரேக்க தேசத்துத் தலைநகரமாகிய ஏதென்ஸுக்குப் போகும் பாக்கியம் நமக்கு வாய்த்தது. அங்கே கப்பல் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர் அழைத்திருந்தார். அக்ரோபொலிஸ் குன்றையும் அதன் மேலுள்ள பளிங்குக் கோயிலையும் நாமும் நம் மனைவியும் கண் குளிரப் பார்த்து முடித்த பின், ஒருநாள் இரவு அவர் சொன்னார்:

"அத்தான், அக்காவை அழைத்துக்கொண்டு இந்தச் சனி ஞாயிறில் ஒரு தீவுக்குப் போய் வாருங்கள். கூட்டம் போகிற தீவு வேண்டுமா, போகாத தீவு வேண்டுமா?"

"போகாத தீவு!" என்று இருவரும் ஏககாலத்தில் விடையளித்தோம்.

"அப்படியானால் அனாபி. அதில் ஒரு துண்டை நீங்கள் நேற்றே பார்த்தாகி விட்டது."

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் விளங்கிற்று. அக்ரோபொலிஸின் வடகிழக்குச் சரிவில், பாறையோடு ஒட்டினாற்போல் சுண்ணாம்பு பூசிய சிறு சிறு வீடுகள் இருக்கின்றன. ஒரு மனிதர் கையை அகல நீட்டினால் இரண்டு பக்கத்துச் சுவரையும் தொட்டுவிடலாம். அவ்வளவு குறுகிய சந்துகள். அந்தப் பேட்டைக்கு அனாபியோடிகா என்று பெயர். கிரேக்க தேசம் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு, பவேரியா நாட்டு இளவரசர் ஓட்டோ என்பவரை வல்லரசுகள் அதற்கு அரசராக்கின. 1834-ல் ஏதென்ஸ் தலைநகரமாயிற்று. அரசருக்கு அரண்மனை வேண்டும், பட்டணத்துக்கு மாளிகைகள் வேண்டும் என்ற காலத்தில், கட்டட வேலையில் கைதேர்ந்த கொத்தர்களும் தச்சர்களும் அனாபித் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தார்கள். குன்றின் சரிவில் வீடு கட்டக் கூடாதென்பது சட்டம். ஆனால் சூரியன் அஸ்தமித்து மறுபடி உதிப்பதற்குள் கூரை ஏறிவிட்ட வீட்டை இடிப்பதற்கில்லை என்று ஒரு வழக்கமும் இருந்ததாகச் சொல்லுகிறார்கள். பகலெல்லாம் அரசருக்குக் கட்டியவர்கள் இரவில் தங்களுக்குக் கட்டிக்கொண்டார்கள். தங்களுக்குத் தெரிந்த ஒரே ஊரைப் போலவே கட்டினார்கள். பிற்காலத்தில் அகழ்வாராய்ச்சிக்காகப் பல வீடுகள் இடிபட்டுப் போயின. இன்று நாற்பது, ஐம்பது வீடுகளே எஞ்சியிருக்கின்றன.

நகல் இவ்வளவு அழகாயிருந்தால் அசல் எப்படியிருக்கும் என்று பார்க்க நாம் புறப்பட்டோம்.

* * *

சான்டொரினித் தீவு வரையில் ஆகாய விமானத்தில் போய், அங்கிருந்து கப்பலேறினோம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் அது. சான்டொரினியில் அதிலிருந்து இறங்கிய ஜனத்திரள் ஒரு திருவிழாக் கூட்டத்துக்குச் சமானம். எல்லோரும் இறங்கின பிறகு, அவ்வளவு பெரிய கப்பலில் சில காய்கறிக் கூடைகளும், ஒரு பாதிரியாரும், சில குடும்பங்களும், நாமுமே மிஞ்சியிருந்தோம். கிழக்கு நோக்கி இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பிரயாணம். அனாபிக்கு விமான நிலையம் கிடையாது; கப்பலும் வாரத்தில் சில நாட்களே வருகிறது.

தீவின் பரப்பு 38 சதுர கிலோமீட்டர். குடிகள் ஏறக்குறைய 300 பேர். துறைமுகத்துக்கு மாலுமிகளைக் காக்கும் மகானாகிய நிக்கோலஸின் பெயர். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலையுச்சியில், யாரோ ஒரு கூடைச் சோழிகளைக் கொட்டிவிட்டுப் போனது போல், வெண்மையாய் ஏதோ தெரிகிறது. அதுதான் ஊர். அதற்குத் தனிப் பெயர் கூட இல்லை. "கோரா" என்கிறார்கள்; கிரேக்க பாஷையில் அதற்கு ஊர், நாடு என்றெல்லாம் பொருள். அந்தப் பிராந்தியத்துத் தீவுகள் பலவற்றில் தலைமையான ஊருக்கு அதுவே பெயர்.

துறைமுகத்தை விட்டு இவ்வளவு உயரத்தில் போய் ஊரை வைத்தவர்கள் காட்சியழகை உத்தேசித்து வைக்கவில்லை. அக்காலத்தில் கடல் வழியாக வந்தவர்களில் வியாபாரிகளைக் காட்டிலும் கொள்ளைக்காரர்கள் அதிகம். 1537-ல் துருக்கிக் கடற்படைத் தலைவனான பார்பரோஸா இத்தீவைச் சூறையாடி, குடிகளை அடிமைகளாகக் கொண்டு போனான். கடலில் பாய்மரம் தெரிந்த உடனே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்; வந்தவன் மூச்சு வாங்க மலையேறி வரவேண்டும்; ஏறி வந்த பிறகும் சந்துகளில் வழி தெரியாமல் திகைக்க வேண்டும். இன்று நாமெல்லாம் படம் பிடித்துக்கொள்ளுகிற அந்தக் கோணல் சந்துகளும், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளும் பயம் வகுத்த திட்டங்கள்.

வறுமை வகுத்த திட்டங்களும் உண்டு. கோராவின் வீடுகள் பலவற்றுக்குத் தட்டையான கூரை கிடையாது. மாட்டு வண்டிக் கூண்டைப் போல் வளைந்திருக்கின்றன. நம் மனைவி அதைப் பார்த்துப் பிரமித்து, "எவ்வளவு ரஸனை!" என்றாள். ரஸனை இருந்தது வாஸ்தவமே. ஆனால் உத்தரத்துக்கும் விட்டத்துக்கும் ஆகக்கூடிய மரம் அந்தத் தீவில் முளைப்பதில்லை. மரமில்லாதவன் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டே கூரை போட வேண்டுமானால், வளைத்துத்தான் போட வேண்டும்.

நாம் தங்கிய வீட்டின் எஜமானி எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. அவருக்குக் கிரேக்கம் தவிர வேறு பாஷை தெரியாது. ஏதென்ஸில் கல்லூரியில் படிக்கும் பேத்தி அந்த வாரம் வந்திருந்தபடியால், இங்கிலீஷில் துவிபாஷி வேலை பார்த்தாள். வந்த உடனே ஒரு தட்டில் தேனும் ஒரு குவளையில் தண்ணீரும் வந்தன. கற்பாறைகளின் நடுவே பூக்கும் ஒருவகைக் காட்டுச் செடியின் பூவிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் தேன் அது. அதன் வாசனை இரண்டு நாள் வரையில் நாக்கை விட்டுப் போகாது.

இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தூரத்தில் ஓர் ஆட்டின் கழுத்துமணி கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நாம் தேடி வந்த பொருள் கிடைத்துவிட்டது!

* * *

மறுநாள் சனிக்கிழமை. தீவின் கீழைக் கோடியில் கலமோஸ் என்று ஒரு பாறை இருக்கிறது. சுமார் 450 மீட்டர் உயரம். கடலிலிருந்து ஒரே கல்லாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு மடாலயம். உச்சியில் 18-ம் நூற்றாண்டில் கட்டிய தேவமாதாவின் சிறு கோயில். செப்டம்பர் மாதத்தில் மாதாவின் உற்சவம் வரும்போது, பிழைக்கப் போன பிள்ளைகளெல்லாம் தீவுக்குத் திரும்பி வருகிறார்களாம்.

அடிவாரத்து மடாலயத்தின் சுவரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அதில் பெரிய பெரிய சதுரக் கற்கள் இருக்கின்றன. பழைய அப்பொல்லோ கோயிலின் கற்கள் அவை. அந்தக் கோயில் எழுந்த கதையை, கி.மு. 3-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பொல்லோனியஸ் என்னும் கவி, ஆர்கோ கப்பலின் யாத்திரையைப் பாடிய தம் காவியத்தில் சொல்லியிருக்கிறார்.

பொன்மயமான ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டு ஜேஸனும் அவன் தோழர்களும் திரும்பி வருகிறார்கள். நடுக்கடலில் நட்சத்திரமும் சந்திரனும் இல்லாத பேரிருள் அவர்களைச் சூழ்ந்தது. தாங்கள் போவது கடலிலா பாதாளத்திலா என்றே தெரியவில்லை. ஜேஸன் கைகூப்பி அப்பொல்லோவை அழைத்தான். தேவன் தன் பொன் வில்லை உயர்த்த, அதன் ஒளியில் கண்ணெதிரே ஒரு சிறு தீவு வெளிப்பட்டது. வெளிப்பட்ட தீவாகையால் அனாபி என்று அதற்குப் பெயர். பொழுது விடிந்ததும் தேவனுக்குப் பூஜை செய்ய நினைத்தார்கள். அந்தப் பாறையில் பூஜைக்கு என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லாதபடியால் எரிகிற கொள்ளியின் மேல் தண்ணீரை வார்த்தே பூஜையை முடித்தார்கள். கூட வந்த இளவரசி மெதேயாவின் தாதிமார், தங்கள் நாட்டில் மாடுகள் பலியிடும் வைபவத்தைக் கண்டு பழகியவர்கள். இதைக் கண்டு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார்கள். வீரர்களும் பதிலுக்குக் கேலி செய்தார்கள். அதனால் அந்தத் தீவின் உற்சவத்தில் ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் கேலி செய்வது வழக்கமாயிற்று என்று கவி முடிக்கிறார்.

தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத பூமி. அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட மனிதர்கள்! அனாபியின் சரித்திரம் முழுவதும் இந்தக் கதைக்குள் இருப்பதாக நமக்குத் தோன்றிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தது; ஊர் முழுவதும் ஒரே சந்து வழியாக நடந்து போய்த் திரும்பி வந்தது. வழியில் பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். தொழிற்புத்தி எங்கே போனாலும் விடுமா? சில மேஜைகள், ஒரு பூகோளப் படம், சின்னஞ்சிறு கைகள் வரைந்த கப்பல் சித்திரங்கள். கப்பலைத் தவிர வேறு வாகனத்தை ஒரு குழந்தையும் வரையவில்லை.

* * *

அன்று மாலை நாம் திரும்ப வேண்டிய கப்பல் வரவில்லை.

பகல் இரண்டு மணிக்கு வடகாற்று கிளம்பியது. நான்கு மணிக்குள் மலையடிவாரத்துக் கடல் முழுவதும் வெண்ணுரையாகி விட்டது. காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் கப்பல்கள் துறையை விட்டுக் கிளம்பக் கூடாதென்று அதிகாரிகள் தடை போட்டுவிடுவார்கள். மூதாட்டி மிகவும் சாவதானமாக, "செவ்வாய்க்கிழமை வரும், வராவிட்டால் புதன்கிழமை" என்றார். அவருக்கு அது ஒரு செய்தியே அன்று.

திங்கட்கிழமை காலையில் நாம் ஓர் ஆச்சரியத்தைக் கண்டோம். ஊர் மாறவில்லை, அதே வெள்ளைச் சந்து, அதே ஆட்டு மணி, அதே தேன். ஆனால் சனிக்கிழமையன்று அமிருதமாயிருந்த அமைதி அன்று காதில் பாரமாய் விழுந்தது. சந்தின் முனைக்குப் போய்க் கடலைப் பார்ப்பதும், திரும்பி வருவதும், மறுபடி போவதுமாயிருந்தோம். "இரண்டு நாள் ஏகாந்தம் வேண்டுமென்று வந்தீர்கள், தெய்வம் கொசுறாக இன்னும் இரண்டு நாள் கொடுத்திருக்கிறது. வாங்கிக்கொள்ள ஏன் இவ்வளவு சலிப்பு?" என்று நம் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சந்தின் முனைக்குப் போனாள்!

எங்கள் தவிப்பைப் பார்த்து மூதாட்டி சிரித்தார். ஏதோ சொன்னார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "அந்தச் சந்தின் முனையில் நின்று கப்பலைப் பார்த்தவர்கள் உங்களுக்கு முன்னால் பலர் உண்டாம். கைதிகள் நிற்பார்களென்று பாட்டியின் தாயார் சொல்லுவாராம்."

"கைதிகளா? இந்த ஊரில் சிறைச்சாலை ஏது?"

"ஊரே சிறைச்சாலை" என்றாள் அந்தப் பெண்.

* * *

நாம் அமைதியென்று பெயரிட்டு விலைகொடுத்து வாங்கிய அதே சரக்கு, இந்தத் தீவில் ஒரு காலத்தில் தண்டனையாக விதிக்கப்பட்டது. கிரேக்க அரசாங்கத்தார் தங்களுக்கு வேண்டாதவர்களைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பி வைக்கும் வழக்கத்தை 1920-களிலிருந்து விஸ்தாரமாகக் கைக்கொண்டார்கள். 1929-ல் அதற்கு வசதியாக ஒரு சட்டமும் பிறந்தது. 1936 ஆகஸ்டு 4-ந் தேதி மெடாக்ஸாஸ் என்னும் தளகர்த்தர் பார்லிமெண்டைக் கலைத்துச் சர்வாதிகாரியான பிறகு, கப்பல் கப்பலாக மனிதர்கள் போனார்கள். முக்கியமாகப் பொதுவுடைமைக் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும். அவர்களுள் புகையிலைத் தொழிலாளர், மாணவர், வக்கீல், வைத்தியர், நம்மைப் போன்ற உபாத்தியாயர் எல்லோரும் இருந்தனர். அனாபிக்கு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள்.

சுவரில்லை, விலங்கில்லை. குறித்த எல்லைக்கு அப்பால் நடக்கக் கூடாது. போலீஸ் சாவடியில் தினந்தோறும் ஆஜர் கொடுக்க வேண்டும். கடிதங்கள் அதிகாரியின் கண்பட்டே போகும், வரும். மற்றக் காவலைக் கடல் பார்த்துக்கொண்டது. "அந்தமான்" என்ற ஒரு சொல்லின் பொருளைப் பெரியோர்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை.

அவர்கள் அங்கே செய்த காரியந்தான் விசேஷம். தனித்தனியே இருந்தால் மனம் உடைந்து போகுமென்று, எல்லோரும் ஒரே குடும்பமாய் வாழ ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். கையிலிருந்த காசு பொதுவில் சேர்ந்தது. முறை வைத்துச் சமைத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், விறகு பொறுக்கினார்கள். பாடம் நடத்தினார்கள். எழுத்தறியாமல் வந்த தொழிலாளிக்கு எழுத்துக் கற்பித்தார்கள். எழுத்தறிந்தவன் அந்நிய பாஷை கற்றான். பாட புஸ்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் நடந்தது! சகல சௌகரியங்களும் உள்ள கட்டடங்களில் இருபது வருஷம் பாடம் சொல்லியிருக்கும் நாம், அந்தப் பள்ளிக்கூடத்தை எண்ணித் தலை வணங்குகிறோம்.

எல்லாவற்றிலும் கொடியது, அந்தச் சிறைக்கு ஒரு கதவு இருந்தது. அது எப்பொழுதும் திறந்தேயிருந்தது. "நான் கொண்ட கொள்கை தவறு; அதைத் துறந்துவிட்டேன்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டால் போதும். விடுதலை! அந்தக் காகிதம் பத்திரிகையில் அச்சாகும். சொந்த ஊர்க் கோயிலிலும் வாசிக்கப்படும். ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கையெழுத்திட்டார்கள். சித்திரவதையினாலும், வீட்டில் பட்டினி கிடந்த குழந்தைகளை நினைத்தும் கையெழுத்திட்டவர்களைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இகழ நமக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் கையெழுத்திடாதவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு கப்பல் வரும்போதும் அவர்கள் சந்தின் முனையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு கப்பலும் அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

1941-ல் ஜெர்மானியரும் இத்தாலியரும் கிரேக்க தேசத்தைப் பிடித்தபோது, தீவுகளில் இருந்த கைதிகள் பலர் விடுவிக்கப்படாமல் அந்நியரின் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் தேசம் முழுவதும் கொடிய பஞ்சம். வடக்கே ஆய் ஸ்திராதிஸ் என்னும் தீவில் 33 கைதிகள் பசியினால் மடிந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகாவது இந்த வழக்கம் ஒழிந்ததா? இல்லை. 1947 முதல் மாக்ரோனிஸோஸ், யாரோஸ் என்ற வறண்ட தீவுகளுக்குக் கப்பல்கள் போயின. ரோமச் சக்கரவர்த்திகளின் காலத்திலேயே யாரோஸ் நாடு கடத்தப்பட்டவர்களின் இடம். இரண்டாயிரம் வருஷத்தில் அரசாங்கங்கள் புதிதாக ஒன்றும் கற்கவில்லை போலும்! 1967-ல் வந்த ராணுவ ஆட்சி 1974-ல் வீழ்ந்த பிறகே அந்த அத்தியாயம் முடிவுற்றது.

"உங்கள் தாயார் அவர்களைப் பற்றி வேறு என்ன சொல்லுவார்?" என்று மூதாட்டியைக் கேட்டோம். அவர் சற்று யோசித்தார்.

"அவர்களோடு பேசக் கூடாதென்று போலீஸார் உத்தரவு போட்டிருந்தார்களாம். ஆகையால் அம்மா பேசமாட்டாள். வாசற்படியில் ரொட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த நாள் காலையில் வாசலில் விறகு கிடக்கும்."

பேத்தி இதை மொழிபெயர்க்கும்போது குரல் தழுதழுத்தது. அவளும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாளோ என்னவோ!

* * *

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் காற்று தணிந்து கப்பல் வந்தது. மூதாட்டி ஒரு சிறு தேன் பாட்டிலை நம் மனைவியின் கையில் திணித்தார். விலை கொடுக்கப் போனதற்கு மெய்யாகவே கோபித்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு அனாபிக்குப் போக விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அவசியம் போங்கள். கலமோஸ் பாறையில் ஏறுங்கள். அந்தத் தேனை ருசியுங்கள். இரவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். உடம்புக்கும் மனசுக்கும் அவ்வளவு நல்ல இடம் வேறில்லை. ஆனால் ஊரெங்கும் நிலவும் அந்த அமைதி ஊரோடு பிறந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கொள்ளைக்காரனுக்குப் பயந்து ஒளிந்தவர்களின் மௌனம் அதில் இருக்கிறது. பிழைப்புத் தேடி ஏதென்ஸுக்குப் போய்விட்ட கொத்தர்களின் காலி வீடுகள் இருக்கின்றன. உத்தரவுக்கு அஞ்சிப் பேசாமலே வாசற்படியில் ரொட்டி வைத்த ஒரு பெண்ணின் மௌனமும் இருக்கிறது.

ஏகாந்தம் இனிது என்று பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாமும் சொல்லுகிறோம். ஆனால் திரும்பிப் போகக் கப்பல் உள்ளவனுக்கே அது இனிது. அந்தக் கப்பல், ஒரு கையெழுத்துக்காக, கண்ணெதிரே வந்து வந்து காத்திருந்தும் ஏறாமலே இருந்துவிட்டவர்கள் சிலர் அந்த மலையுச்சியில் வாழ்ந்தார்கள். அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடா அன்றா என்பது வேறு விஷயம். தன் மனச்சாட்சி ஒப்பாத ஒரு காகிதத்தில் கையெழுத்திட மறுப்பவன், எந்தக் கட்சிக்காரனானாலும், எந்த தேசத்தானானாலும், மனித ஜாதிக்கு ஒரு பாடம் நடத்துகிறான். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் போதாது. கொசுறாகக் கிடைத்த இரண்டு நாளுக்காகக் காற்றுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.